கினிப்பன்றியிடம் தோற்ற மருந்து

தொழுநோய்க்கு அரசு மருத்துவமனையில் கொடுக்கும் மாத்திரை அட்டையில், பழுப்பு நிறத்தில் வழுவழுவென்று ஒரு குளிகை இருக்கும். அதன் பெயர் குளோஃபசிமின். மற்ற மாத்திரைகளுக்கு நிறம் உண்டு, அவ்வளவுதான். இது சாப்பிட்டவரின் நிறத்தையே மாற்றிவிடும். சில வாரங்களில் தோல் சிவப்பேறும், பிறகு கறுக்கத் தொடங்கும். வியர்வை, சிறுநீர், சிலருக்குக் கண்ணீர்கூடச் சிவக்கும். மருந்தை நிறுத்தினாலும் பழைய நிறம் திரும்ப மாதங்கள் ஆகும், சிலருக்கு வருடங்கள். வந்திருக்கும் நோயை வீட்டாரைத் தவிர யாருக்கும் சொல்லாமல் வைத்திருப்பவருக்கு இந்த முகக் கறுப்பு எவ்வளவு பெரிய தொல்லை என்று விளக்க வேண்டியதில்லை. அதற்காகவே மாத்திரையைப் பாதியில் விட்டவர்கள் உண்டு.

ஆனால் இது தொழுநோய்க்காகச் செய்த மருந்தே இல்லை. காசநோய்க்காகச் செய்து, அதில் தோற்று, ஓரங்கட்டப்பட்ட மருந்து. தொழுநோய்க்காரர்கள்தான் அதற்கு மறுவாழ்வு கொடுத்தார்கள். அரை நூற்றாண்டு கழித்து அது காசநோய்க்கே திரும்பி வந்தது. அதையொட்டி 2012இல், இத்தாலியின் படோவா பல்கலைக்கழகத்தில், சுண்டெலிகளுக்கு வந்திருந்த மெலனோமா என்னும் தோல் புற்றுக் கட்டியை ஏறக்குறைய 90 சதவீதம் சுருக்கிக் காட்டியது.

தோலின் நிறத்தை மாற்றும் மருந்து, தோலுக்கு நிறம் தரும் செல்களில் பிறக்கும் புற்றோடு மோதியிருக்கிறதே, இரண்டுக்கும் ஏதோ உறவு இருக்க வேண்டும் என்று தோன்றும். இல்லை. மருந்தே சிவப்புச் சாயம், அது தோலில் படிகிறது என்பதுதான் நிறமாற்றத்துக்கு முக்கியக் காரணம். புற்றுச் செல்லை அது கொல்லும் வழி வேறு. அந்த வழியைப் புரிந்துகொள்ள டப்ளினிலிருந்து தொடங்க வேண்டும்.

1940களில் அயர்லாந்தைக் காசநோய் உலுக்கிக்கொண்டிருந்தது. வின்சென்ட் பாரி என்ற வேதியியலாளர், கடற்பாசிகளில் உள்ள மாவுப்பொருள்களை ஆராய்ந்து பெயர் பெற்றவர், காசநோய்க் கிருமியின் பக்கம் திரும்பினார். அவருடைய குழுவின் கவனம் முதலில் போனது லைக்கன்கள் மீது. பூஞ்சையும் பாசியும் சேர்ந்து ஓருயிராக வாழ்வதுதான் லைக்கன். செட்டிநாட்டுக் குழம்பில் போடுகிறோமே கல்பாசி, அதுவும் ஒரு லைக்கன்தான். அயர்லாந்தில் கிடைத்த ஒரு லைக்கனில் டிப்ளாய்சின் என்ற பொருள் இருந்தது. காசநோய்க் கிருமியை அது கொஞ்சம் தடுத்தது. அதன் அமைப்பைப் பின்பற்றி ஒன்றிலிருந்து ஒன்றாகப் புதிய சேர்மங்களைச் செய்துகொண்டே போனார்கள். அவற்றில் ஒன்றை ஆக்சிஜனேற்றம் செய்தபோது செக்கச்செவேலென்று ஒரு சாயம் கிடைத்தது. மூலப்பொருளைவிட இந்தச் சாயம் கிருமியை நன்றாகத் தடுத்தது. அந்தச் சிவப்புக் குடும்பத்தில் 1954இல் பிறந்ததுதான் குளோஃபசிமின். ஆய்வகக் குறிப்பேட்டில் அதன் பெயர் பி.663.

காசநோய்க் கிருமிக்கு மெழுகு போன்ற கொழுப்பு மேலுறை உண்டு. குளோஃபசிமினோ தண்ணீரில் கரையவே கரையாது, கொழுப்பில்தான் கரையும். இந்தக் கதையில் பிறகு நடப்பவற்றில் பாதிக்குக் காரணம் இந்தக் குணம்தான் என்பதால் இதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

சுண்டெலியில் மருந்து பிரமாதமாக வேலை செய்தது. காசநோய் ஏற்றிய எலிகள் பிழைத்தன. 1957இல் நேச்சர் இதழில் கட்டுரை வந்தது. அடுத்து கினிப்பன்றியில் சோதித்தார்கள். அன்றைய காசநோய் ஆராய்ச்சியில் கினிப்பன்றியின் தீர்ப்பே இறுதித் தீர்ப்பு. அதில் மருந்து எடுபடவில்லை. குரங்கிலும் எடுபடவில்லை. வாய்வழி கொடுத்த மருந்து அந்த விலங்குகளின் குடலில் சரியாக உறிஞ்சப்படவில்லை என்ற காரணம் பின்னால்தான் தெரிந்தது. அன்றைக்குத் தெரிந்ததெல்லாம், எலியைக் காப்பாற்றிய மருந்து கினிப்பன்றியையும் குரங்கையும் காப்பாற்றவில்லை என்பதுதான்.

காலமும் சாதகமாக இல்லை. 1952இலேயே ஐசோனியாசிட் வந்துவிட்டது. விலை மலிவு, வீரியம் அதிகம். 1956இல் சென்னையில் தொடங்கிய புகழ்பெற்ற ஆய்வு, ஐசோனியாசிடையும் பாஸ் என்ற மருந்தையும் வீட்டிலிருந்தபடியே சாப்பிட்டவர்கள், சானடோரியத்தில் படுத்திருந்தவர்களுக்குக் குறையாமல் குணமடைந்தார்கள் என்று 1959இல் உலகுக்குக் காட்டியது. நல்ல காற்று, நல்ல சாப்பாடு, மாதக்கணக்கில் ஓய்வு எதுவும் கட்டாயமில்லை, மாத்திரை போதும். அப்படிப்பட்ட மாத்திரைகள் கையில் இருக்கும்போது, ஆளைச் சிவப்பாக்கும் டப்ளின் சாயம் யாருக்கு வேண்டும்?

வேண்டியிருந்தது, தொழுநோய் மருத்துவர்களுக்கு. தொழுநோய்க் கிருமி காசநோய்க் கிருமிக்கு நெருங்கிய உறவு, அதே மெழுகு மேலுறை. 1962இல் கிழக்கு நைஜீரியாவில் ஸ்டான்லி பிரவுனும் ஹோகர்சைலும் அதை நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்து, கிருமி குறைகிறது என்று எழுதினார்கள். தொழுநோய்க்கு அப்போது இருந்த ஒரே நம்பிக்கை டாப்சோன். அதற்கு அடங்காத கிருமிகள் தலைதூக்கத் தொடங்கியிருந்தன. 1981இல் உலக சுகாதார நிறுவனம் டாப்சோன், ரிஃபாம்பிசின், குளோஃபசிமின் மூன்றையும் சேர்த்துக் கொடுக்கச் சொன்னது. தொழுநோயை உலகெங்கும் ஒடுக்கிய கூட்டு மருந்து அதுதான். பாரி 1975இலேயே இறந்துவிட்டார். அவருடைய குழுவுக்கு 1980இல் யுனெஸ்கோ அறிவியல் பரிசு கிடைத்தது.

தொழுநோயாளிகளிடம் மருத்துவர்கள் இன்னொன்றையும் கவனித்தார்கள். சிகிச்சையின் நடுவே சிலருக்குத் திடீரென்று காய்ச்சல் அடிக்கும், உடம்பெல்லாம் சிவந்த முடிச்சுகள் கிளம்பும், நரம்புகள் வீங்கி வலிக்கும். செத்துக்கொண்டிருக்கும் கிருமிகளின் மிச்சசொச்சத்தைப் பார்த்து உடலின் எதிர்ப்பாற்றல் காட்டும் ஆவேசம் அது. குளோஃபசிமின் சாப்பிட்டவர்களிடம் இந்த ஆவேசம் தணிந்தது. கிருமிக்கொல்லிக்கு இப்படி ஒரு வேலை எப்படித் தெரியும்? பல வருடங்கள் இந்தக் கேள்விக்குத் தெளிவான பதில் இல்லை. மருந்து வேலை செய்கிறது, கொடுத்தார்கள். மருத்துவம் பெரும்பாலும் அப்படித்தான் நடக்கிறது.

2008இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜுன் லியூவின் குழு ஒரு காரியம் செய்தது. ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கும் மருந்துகளையெல்லாம் ஒரே சேகரமாக வைத்துக்கொண்டு, எதிர்ப்பாற்றலின் படைவீரர்களான டி செல்களைக் கட்டுப்படுத்துவது எது என்று ஒவ்வொன்றாகச் சோதித்தார்கள். குளோஃபசிமின் சிக்கியது. டி செல்லின் மேல் சவ்வில் பொட்டாசியம் அயனிகள் வெளியேறும் நுண்ணிய வாயில் ஒன்று உண்டு, கேவி 1.3 என்று பெயர். டி செல் கிளர்ந்தெழ அந்த வாயில் திறந்திருக்க வேண்டும். குளோஃபசிமின் அதை அடைத்துவிடுகிறது. தொழுநோய் ஆவேசம் ஏன் தணிந்தது என்பதற்கு நாற்பது சொச்சம் வருடம் கழித்து ஒரு விளக்கம் கிடைத்தது.

படோவாவில் இல்டிகோ சாபோவும் அவருடைய சகாக்களும் அதே வாயிலை வேறொரு இடத்தில் பார்த்துக்கொண்டிருந்தார்கள். செல்லுக்குள் ஆற்றல் தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியாவின் உட்சவ்விலும் கேவி 1.3 இருக்கிறது என்று 2005இல் அவர்கள் கண்டுபிடித்திருந்தார்கள். செல்லின் சாவு பற்றிய ஆராய்ச்சியில் இது முக்கியமான திருப்பம். உடலில் பழுதான செல் தன்னைத் தானே கொன்றுகொள்வது இயல்பான நிகழ்ச்சி. அதற்கான உத்தரவை நிறைவேற்றும் புரதங்களில் பாக்ஸ் என்பது ஒன்று. பாக்ஸ் மைட்டோகாண்ட்ரியாவுக்குப் போய், தன்னிடமிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் லைசின் என்ற அமினோ அமிலத்தைக் கேவி 1.3 வாயிலுக்குள் செருகி அடைக்கிறது என்பதைச் சாபோ குழு 2008இல் காட்டியது. தேளின் விஷமும் பொட்டாசியம் வாயில்களை இதே லைசின் உத்தியால்தான் அடைக்கிறது. வாயில் அடைபட்டதும் மைட்டோகாண்ட்ரியாவின் மின்னழுத்தம் குலைகிறது, கேடு விளைவிக்கும் ஆக்சிஜன் மூலக்கூறுகள் குபீரென்று பெருகுகின்றன, சவ்வு ஓட்டையாகிறது, உள்ளிருக்கும் சைட்டோகுரோம் சி வெளியே கசிகிறது. அதன் பிறகு அந்தச் செல்லுக்கு மீட்பு இல்லை.

புற்றுச் செல்களின் சாமர்த்தியம் இங்கேதான். பல புற்றுகள் பாக்ஸையும் அதன் பங்காளியான பாக் புரதத்தையும் இழந்துவிடுகின்றன, அல்லது செயலிழக்கச் செய்துவிடுகின்றன. சாகச் சொல்லி உத்தரவு வந்தாலும் நிறைவேற்ற ஆள் இருக்காது. கீமோதெரபி மருந்துகள் பல தோற்பதற்கு இது ஒரு காரணம். அப்படியானால் பாக்ஸ் செய்கிற வேலையை, பாக்ஸ் இல்லாமலே, ஒரு மருந்து நேரடியாகச் செய்தால் என்ன?

2012இல் வெளிவந்த அந்தப் பரிசோதனையின் அழகே அதன் ஒப்பீட்டில்தான் இருக்கிறது. தேளிலிருந்தும் கடற்சாமந்தியிலிருந்தும் கிடைக்கும் நச்சுகள் கேவி 1.3ஐ அடைப்பதில் கெட்டிக்காரர்கள். ஆனால் அவை செல்லின் வெளிச்சவ்வைத் தாண்டி உள்ளே போகமாட்டா. அவற்றைக் கொடுத்தபோது புற்றுச் செல்கள் சாகவில்லை. சவ்வுகளை ஊடுருவக்கூடிய மூன்று பொருள்களைக் கொடுத்தார்கள், செத்தன. பாக்ஸும் பாக்கும் இல்லாத செல்களும் செத்தன. அந்த மூன்றில் ஒன்று குளோஃபசிமின். கொழுப்பில் கரையும் குணம் இருப்பதால் அது சவ்வைக் கடந்து மைட்டோகாண்ட்ரியா வரைக்கும் போய்விடுகிறது. மரபணு உத்தியால் கேவி 1.3ஐயே இல்லாமல் செய்த செல்களிடம் மருந்தின் பலம் போய்விட்டது. மருந்து எதைத் தொட்டுக் கொல்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சியம் கிடைப்பது அரிது. எனக்கு இந்த ஆய்வின் மீது மதிப்பு வருவது 90 சதவீதக் கணக்கால் அல்ல, இந்தக் கச்சிதத்தால்.

நல்ல செல்களிலும் கேவி 1.3 இருக்கிறதே, அவை ஏன் தப்புகின்றன? இந்த வாயில் அதிகமாக இருக்கும் புற்றுச் செல்கள் ஏற்கெனவே அந்தக் கேடான ஆக்சிஜன் மூலக்கூறுகளின் நெருக்கடியில் தத்தளிப்பவை, அதற்கு மேல் சற்றுக் கூடினாலும் தாங்கமாட்டா. நல்ல செல்லுக்குத் தாக்குப்பிடிக்க இடம் இருக்கிறது. அடுத்து ஒருவகை ரத்தப் புற்று நோயாளிகளின் செல்களில் சோதித்தபோதும் இதே வேறுபாடு தெரிந்தது. நோயுற்ற வெள்ளணுக்கள் செத்தன, ஆரோக்கியமானவை பிழைத்தன.

எலிச் சோதனைக்கு எடுத்துக்கொண்ட மெலனோமா, தோல் புற்றுகளில் குறைவாக வருவது, ஆனால் ஆளைக் கொல்வதில் முதலிடம். மெலனின் நிறமியைத் தயாரிக்கும் செல்களில் தொடங்கி, சீக்கிரமே நுரையீரல், கல்லீரல், மூளை என்று பரவும். வெள்ளைத் தோலும் கடும் வெயிலும் சேர்ந்த ஆஸ்திரேலியாவில் வருடத்துக்கு ஒரு லட்சம் பேரில் 30க்கும் மேற்பட்டவர்களுக்கு வருகிறது. இந்தியாவில் ஒரு லட்சத்துக்கு ஒருவர்கூட இல்லை. நம் தோலில் நிறைந்திருக்கும் மெலனின் வெயிலிலிருந்து காக்கிறது. ஆனால் நமக்கு வரும்போது வெயிலே படாத இடங்களில் வருகிறது: உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தின் அடி, வாயின் உட்புறம். பாடகர் பாப் மார்லிக்கு வந்ததும் கால்விரல் நகத்தடியில்தான். 1977இல் கண்டுபிடித்தார்கள், 1981இல் 36 வயதில் இறந்தார். முள் குத்திய தழும்பு, செருப்பு கடித்த கறுப்பு என்று உள்ளங்கால் மெலனோமாவை வருடக்கணக்கில் சும்மா விடுவது இங்கே சர்வசாதாரணம். காலில் புதிதாக ஒரு கரும்புள்ளி தோன்றி, ஓரம் ஒழுங்கில்லாமல் பரவினால், தோல் மருத்துவரிடம் ஒரு முறை காட்டிவிடுவது நல்லது.

படோவா எலிகளுக்கு ஏற்றிய புற்றுச் செல்லுக்கும் ஒரு சரித்திரம் உண்டு. அமெரிக்காவின் ஜாக்சன் ஆய்வகத்தில் ஒரு கறுப்புச் சுண்டெலியின் தோலில் தானாக முளைத்த கட்டி அது, பெயர் பி16. முளைத்த வருடம் 1954, குளோஃபசிமின் பிறந்த அதே வருடம். 1970களில் ஐசையா ஃபிட்லர் அதை எலிக்கு ஊசியில் ஏற்றுவதும், நுரையீரலில் முளைத்ததை எடுத்து மறுபடி ஏற்றுவதுமாகப் பத்துச் சுற்று வடிகட்டி, மூர்க்கமான ஒரு வகையை உருவாக்கினார். உலகெங்கும் மெலனோமா ஆய்வகங்களில் இன்றும் புழங்குவது அந்தப் பி16-எஃப்10தான். அதை எலியின் தோலில் வளரவிட்டு, குளோஃபசிமினை வயிற்றுக்குழிக்குள் ஊசியாகச் செலுத்தியபோது கட்டி பத்தில் ஒரு பங்காகச் சுருங்கியது. சோதித்துப் பார்த்த நல்ல திசுக்களில் பாதிப்பு தெரியவில்லை.

வயிற்றுக்குழிக்குள் ஊசி என்பதைக் கவனிக்க வேண்டும். இந்த மருந்து முதன்முதலில் கவிழ்ந்ததே குடலில்தான். மனிதர்கள் இதை வாய்வழியாகத்தான் சாப்பிடுகிறார்கள், அதுவும் உணவோடு சாப்பிட்டால்தான் ஓரளவு ஏறும். ஏறியதும் சீக்கிரம் இறங்காது. கொழுப்பிலும், கிருமிகளை விழுங்கும் செல்களிலும் போய் உட்கார்ந்துகொள்கிறது. உடலில் இருக்கும் அளவு பாதியாகக் குறையவே ஏறக்குறைய 70 நாள் ஆகும் என்கிறார்கள். அதிக அளவில் நீண்ட காலம் கொடுத்தவர்களின் குடல் சுவரில் மருந்து படிகமாகவே உறைந்து, கடும் வயிற்றுவலியைக் கிளப்பியிருக்கிறது. தொழுநோய்க்கு ஒரு நாளுக்கு 50 மில்லிகிராம் போதும். மெலனோமா கட்டிக்குள் போதுமான அளவு சேர எவ்வளவு வேண்டும் என்பது வேறு கணக்கு, அதற்கு எலி பதில் சொல்லாது.

இன்னொரு சிக்கல் எனக்கு இதைவிடப் பெரியதாகத் தெரிகிறது. 2011இலிருந்து மெலனோமா சிகிச்சையே தலைகீழாக மாறிவிட்டது. டி செல்களின் கடிவாளத்தை அவிழ்த்துவிட்டுப் புற்றின் மீது ஏவுகிற மருந்துகள் வந்தன: 2011இல் இபிலிமுமாப், 2014இல் பெம்ப்ரோலிசுமாபும் நிவோலுமாபும். அந்த வழியைத் திறந்த ஜேம்ஸ் அலிசனும் தசுகு ஹோன்ஜோவும் 2018இல் நோபல் பரிசு பெற்றார்கள். முன்பு மாதக்கணக்கில் நாளெண்ணிய நோயாளிகளில் ஒரு பகுதியினர் இன்று வருடக்கணக்கில் வாழ்கிறார்கள். குளோஃபசிமினோ அதே டி செல்களை அடக்குவது. ஒரே நோயாளிக்கு இரண்டையும் கொடுப்பது ஒன்றையொன்று வெட்டுமா, இல்லையா என்று கேட்காமல் அடுத்த அடி வைக்க முடியாது. காப்புரிமைக் காலம் எப்போதோ முடிந்துபோன, சில ரூபாய் பெறும் ஒரு குளிகைக்காக நோயாளிகளிடம் பெரிய சோதனை நடத்தப் பணம் போட யார் முன்வருவார்கள் என்பது தனிக் கேள்வி. இதனாலெல்லாம்தான் எலியில் கிடைத்த அந்த வெற்றி இன்னும் மருத்துவமனைச் சிகிச்சையாகவில்லை. ‘காசநோய் மாத்திரை தோல் புற்றைக் குணப்படுத்துகிறது’ என்று வாட்ஸ்அப்பில் வந்தால் நம்ப வேண்டாம். புற்றுநோய்க்காக யாரும் இதைக் கடையில் வாங்கிச் சாப்பிடக் கூடாது.

இதற்குள் மருந்து தன் பிறந்த வீட்டுக்குத் திரும்பிவிட்டது. வழக்கமான மருந்துகளுக்கு அடங்காத காசநோய் பெருகியபோது, பழைய அலமாரிகளை மறுபடி திறக்க வேண்டியதாயிற்று. வங்கதேசத்தில் குளோஃபசிமினையும் சேர்த்து ஒன்பது மாதம் கொடுத்துப் பார்த்த சிகிச்சையில், 206 நோயாளிகளில் சுமார் 88 சதவீதம் பேர் நோய் திரும்பாமல் குணமடைந்தார்கள் என்ற செய்தி 2010இல் வந்தது. அதற்கு முன் இத்தகைய நோயாளிகளுக்கு இரண்டு வருடச் சிகிச்சை. இன்று உலக சுகாதார நிறுவனத்தின் பட்டியலில், மருந்துக்கு அடங்காத காசநோய்க்கு இரண்டாம் வரிசை ஆயுதங்களில் ஒன்றாகக் குளோஃபசிமின் இருக்கிறது. கினிப்பன்றி சொன்னது பொய்யில்லை. அது கினிப்பன்றியின் குடலைப் பற்றிச் சொன்னது, மனிதரைப் பற்றியதாக எடுத்துக்கொண்டது நாம்.

லக்னோவின் மத்திய மருந்து ஆராய்ச்சி நிறுவனத்தில், நாட்பட்ட மைலாய்டு ரத்தப் புற்றில் இமாடினிப் மருந்தோடு குளோஃபசிமினைச் சேர்த்தால் அதன் பலம் கூடுகிறது என்று கண்டு 2020இல் வெளியிட்டிருக்கிறார்கள். அங்கே அது தொடும் இடம் கேவி 1.3 அல்ல, வேறொரு புரதம். பல கதவுகளைத் தட்டும் மூலக்கூறு இது. ஆராய்ச்சியாளருக்கு அது விருந்து, மருந்தாக்க நினைப்பவருக்குத் தலைவலி, ஏனென்றால் எந்தக் கதவைத் தட்டி எந்தப் பக்கவிளைவு வந்தது என்று பிரித்துச் சொல்ல வேண்டியிருக்கும்.

படோவா குழுவும் குளோஃபசிமினோடு நிற்கவில்லை. அதைவிடக் குறி தவறாத ஒன்று வேண்டும் என்று, 2012இல் சோதித்த மூன்றில் இன்னொன்றான பாப்-1 என்ற பொருளோடு, மைட்டோகாண்ட்ரியாவைத் தேடிப் போகும் ஒரு வேதிவாலை ஒட்டினார்கள். மைட்டோகாண்ட்ரியாவின் உட்புறம் எதிர்மின்னழுத்தம் கொண்டது என்பதால் நேர்மின்னூட்டம் உள்ள வால் தானாக உள்ளே இழுக்கப்படும். 2017இல் வெளிவந்த முடிவின்படி இந்தப் புதிய மூலக்கூறுகள் மெலனோமா கட்டியை 90 சதவீதத்துக்கு மேலும், கணையப் புற்றை 60 சதவீதமும் சுருக்கின. சோதனைக்கு உட்பட்டவை இந்த முறையும் சுண்டெலிகள்தாம். கினிப்பன்றிக்கும் குரங்குக்கும் மனிதருக்கும் அவை எப்படி என்பது இனிமேல்தான்.